ரூவான் நகரமும் ஒரு நீலக் கோட்டும்

ரொறன்ரோவில் செத்துப்போகும் தமிழ் ஆண்கள் எல்லோரும் ஒரே கோட்டைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். கடும் நீலக் கோட்டு, வெள்ளைச் சேட்டு, மெரூன் நிற ரை. பிக்கரிங்கில் செத்தாலும் றிச்மண்ட் ஹில்லில் செத்தாலும் அதே கோட்டுத்தான். வீட்டில் சாரம் கட்டிக்கொண்டு திரிந்தவரும், தொழிற்சாலைச் சீருடையில் முப்பது வருஷம் கழித்தவரும் மரண அறிவித்தலில் வங்கி மனேஜராகிவிடுவார்கள். அறிவித்தல் போடுகிற சிறீயின் கணினிக்குள் அந்தக் கோட்டு இருக்கிறது. நாங்கள் தலையைக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

என் தம்பி யோகனுக்கும் போன வருஷம் அந்தக் கோட்டைப் போடுவித்தது நான்தான். அவன் பிரான்சில் ரூவான் என்ற பழைய நகரத்தில், ஒரு உணவகத்தின் குசினியில் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தவன். ஒருநாள் காலையில் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் பிறகு எழும்பவில்லை. ஐம்பத்துநான்கு வயது. அறிவித்தலுக்குப் படம் கேட்டபோது என்னிடம் இருந்த நல்ல படம் ஒன்றுதான். பாரிசில் இருக்கும் எங்கள் தங்கை வசந்தி தன் வீட்டு பல்கனியில் எடுத்து எனக்கு அனுப்பிய படம். யோகன் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு கதிரையில் இருக்கிறான். பின்னால் எலென் நிற்கிறார். அவருடைய ஒரு கை அவன் தோளில் இருக்கிறது.

எலென் பிரெஞ்சுக்காரி. தம்பியோடு பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். கோயிலில் தாலி கட்டவில்லை, பதிவுக் கந்தோரில் எழுதவும் இல்லை. ஆகவே எங்கள் குடும்பக் கணக்கில் அவர் கிடையாது. போனில் யோகன் "எலென் சுகம் கேட்டவ" என்பான். நான் உடனே "அங்கை இப்ப குளிரோ?" என்பேன். பத்தொன்பது வருஷமும் இப்படியே காலநிலை கதைத்து முடித்தோம்.

படத்தில் எலெனை வெட்டுவது கஷ்டமாக இருக்கவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது. "கையை வெட்டினால் தோளும் போயிடும் அக்கா. கோட்டைப் போட்டு விடுறன், ஒருத்தருக்கும் விளங்காது" என்றார் சிறீ. நான் ஓம் என்றேன். அவர் அதோடு நிற்கவில்லை. நரைத்த தலைக்கு மை பூசி, கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கங்களை எடுத்து, பின்னால் ஒரு நீல வானத்தையும் வைத்துவிட்டார். யோகனுக்குப் பதினைந்து வயது குறைந்தது. எல்லோரும் படம் வடிவாக வந்திருக்கிறது என்றார்கள்.

அறிவித்தலில் அவன் மகனாக, சகோதரனாக, மைத்துனனாக, மாமனாக வரிசையாக வந்தான். எலெனின் பெயர் வரவில்லை. அந்த மாதம் என் மகளுக்கு விட்பியில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தோம். ஆசாரமான குடும்பம், அறிவித்தலை வரிவரியாக வாசிப்பார்கள் என்று பயந்தேன். அந்தச் சம்பந்தம் இரண்டு மாதத்தில் வேறு காரணத்தால் குழம்பிப்போனது. அறிவித்தல் மட்டும் அப்படியே நின்றது.

செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. என் பாஸ்போட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. பிக்கரிங்கில் சாப்பாட்டு மேசையில் ரப்லெட்டை நிமிர்த்தி வைத்து, நேரலையில் என் தம்பியை மின்சாரத்தில் எரிக்கக் கொண்டுபோவதைப் பார்த்தேன். கடைசி வரிசையில் குட்டையாக வெட்டிய வெள்ளை முடியோடு ஒரு பெண் தனியாக இருந்தார். கமெரா அவர் பக்கம் போனபோதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இந்த வருஷம் மாசியில் வசந்தி கூப்பிட்டாள்.

"அக்கா, அண்ணைன்ரை முதலாம் வருஷ ஆட்டைத் திவசத்துக்கு நீ வரேக்கை எலென் உன்னைக் காண வேணுமாம். ஒரு கேள்வி கேக்க வேணுமெண்டவ."

"என்ன கேள்வி?"

"எனக்குச் சொல்லேல்லை. நோட்டீஸ் அடிச்ச அக்காவிட்டைத்தான் கேப்பனெண்டு நிக்கிறா."

நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறவள். மார்ச் விடுமுறைக்குப் பாடசாலை மூட, நானும் வெளிக்கிட்டேன். விமானத்தில் ஏழு மணித்தியாலமும் பதில் பாடமாக்கினேன். என் பெயர் ஏன் இல்லை என்று எலென் கேட்பார். மகளின் கலியாண விஷயம் என்று சொல்லலாம். எங்கள் வழக்கம் அப்படி என்று சொல்லலாம். சிறீ தவறவிட்டுவிட்டார் என்றும் சொல்லலாம். மூன்றாவது முழுப் பொய், ஆனால் சொல்ல லேசு. அத்திலாந்திக்கைத் தாண்டும்போது மூன்றாவதையே சொல்வதென்று முடிவெடுத்தேன்.

வசந்தி இருப்பது பாரிசின் புறநகரில், ஆறாவது மாடியில். நான் போன அன்று லிஃப்ற் வேலை செய்யவில்லை. கனடாவிலிருந்து வறுத்த மிளகாய்த்தூளும் மேப்பிள் பாணிப் போத்தல்களும் நிரப்பிய பெட்டியோடு கீழே நின்று லிஃப்ற்றை ஏசினேன். தச்சுவேலை உடுப்போடு வந்த ஒரு பெரிய மனிதர் ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்து ஏறத் தொடங்கினார். ஆறு மாடியும் அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடினேன். கதவடியில் இறக்கி வைத்துவிட்டு எனக்கு விளங்காத இரண்டு வார்த்தை சொல்லிச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். பிக்கரிங்கில் என் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"நல்லா மெலிஞ்சிட்டாய்" என்றாள் வசந்தி. நான் மெலியவில்லை. எங்கள் ஊரில் நீண்டநாள் காணாதவரிடம் அதைத்தான் சொல்வோம். பிறகு இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். மூன்று பேராய் இருந்து இரண்டு பேராகிய பிறகு நாங்கள் நேரில் காண்பது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் திவசம். ஐயர் மெட்ரோவில் வந்தார், முக்கால் மணி பிந்தி. அவருக்கு அன்று இன்னும் இரண்டு வீடு இருந்தது. வசந்தி விடியவே எழும்பிக் கத்தரிக்காய்ப் பால்கறி, பயிற்றங்காய், வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, வடை, பாயாசம் எல்லாம் சமைத்திருந்தாள். வாழையிலை கிடைக்கவில்லை. இலை மாதிரி அச்சடித்த கடதாசியில் படைத்தோம். அவனுக்குப் பால்கறி எவ்வளவு விருப்பம் என்று சொல்லிச் சொல்லி வைத்தோம். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட நாளில் அவனுக்குப் பிடித்ததைத்தான் படைக்கிறோம் என்பது பாயாசத்தை வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு தன் வீட்டில் அவன் எதை விரும்பிச் சாப்பிட்டான் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்தவரை நாங்கள் கூப்பிடவில்லை.

அஸ்தியைப் பற்றி அன்று பின்னேரம் வசந்தி சொன்னாள். போன வருஷம் எலென் ஒரு பிடி சாம்பல் கேட்டாராம். எங்கடை முறையிலை பிரிச்சுக் குடுக்கிறேல்லை என்று இவள் சொல்லிவிட்டாள். முழுவதையும் யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைத்தாள். அது முறைதான். ஆனால் கேட்டவரிடம் அதைச் சொன்ன விதம் தனக்கு இன்னும் மனதில் நிற்கிறது என்றாள்.

மூன்றாம் நாள் ரூவானுக்கு வெளிக்கிட்டேன். வசந்தி வருகிறேன் என்றாள், நான் வேண்டாம் என்றேன். எலென் நகரத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, ஒன்றரை மணித்தியால நடை. நேரே போய்க் கதவைத் தட்ட எனக்குத் துணிவு வரவில்லை. காலை நடைக்கு என் கணவரின் பெயரில் ஒரு இடம் பதிந்துவிட்டேன். சனத்தோடு சனமாக நின்று முதலில் ஆளைப் பார்ப்பது, ஆள் கோபக்காரி என்றால் சத்தமில்லாமல் திரும்பிவிடுவது, இதுதான் என் திட்டம். அறுபத்தொரு வயதில் இப்படி ஒரு கோழைத்தனம்.

பிடித்தது எல்லா ஸ்ரேசனிலும் நின்று போகும் ஆறுதல் ரயில். பாரிசைத் தாண்டியதும் மழை பிடித்தது. இடையில் ஒரு ஸ்ரேசனில் பெட்டியில் இருந்த எல்லோரும் இறங்கினார்கள். நான் பிரெஞ்சு அறிவித்தலை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு இருந்தேன். தும்புத்தடியால் பெட்டியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் என்னைக் கண்டு, இறங்கச் சொல்லிக் கைகளால் விரட்டினார். எதிர்ப் பக்கம் நின்ற ரயிலுக்கு ஓடினேன். குடை பழைய ரயிலில் போய்விட்டது. என் பஸ்ஸில் பிள்ளைகள் கையுறையை விட்டுவிட்டுப் போகும்போது நான் எவ்வளவு ஏசுகிறவள் என்று நினைத்துப் பார்த்தேன்.

பெரிய தேவாலயத்தின் முன்னால் நனைந்துகொண்டு நின்ற கூட்டத்தில் சேர்ந்தேன். நான்கு அமெரிக்கப் பெண்கள், ஒரு அவுஸ்திரேலியத் தம்பதி, மழையைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு ஒரு ஜேர்மன் குடும்பம். மஞ்சள் மழைச்சட்டையும் மடித்த சிவப்புக் குடையுமாக எலென் வந்தார். ரப்லெட்டில் பார்த்ததைவிடச் சின்ன ஆள். குடை நுனியால் காற்றைத் தட்டித் தட்டி எங்களை எண்ணினார். நானும் பஸ்ஸில் அப்படித்தான் எண்ணுவேன், விரலால். என்னிடம் வந்தபோது குடை ஒரு கணம் நின்றது. பிறகு எண்ணிக்கையை முடித்து, "பதினொரு பேர், ஒருவரையும் தொலைக்கமாட்டேன்" என்றார். ஆங்கிலத்தில்தான் பேசினார். அவர் சொன்னதையெல்லாம் என் தமிழில் எழுதுகிறேன்.

தேவாலயத்தின் வலப்பக்கக் கோபுரத்துக்கு வெண்ணெய்க் கோபுரம் என்று பெயர். தவக்காலத்திலும் வெண்ணெய் தின்ன ஆசைப்பட்ட பணக்காரர் கோயிலுக்குக் காசு கட்டி அனுமதி வாங்கினார்களாம். அதில் எழும்பிய கோபுரமாம். நான்கு அமெரிக்கப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் கோயில்களின் நிர்வாக சபைகளுக்கு இது இன்னும் தெரியவரவில்லை, நல்ல காலம்.

பக்கத்து ஒழுங்கையில் மரச்சட்டம் போட்ட வீடுகள். ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியைவிட வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. மேல்மாடிக்காரர் யன்னலால் கைநீட்டி எதிர்வீட்டுக்காரரின் கையைப் பிடிக்கலாம். சுவர்கள் எல்லாம் ஒருபக்கம் சாய்ந்திருந்தன. பிக்கரிங்கில் எங்கள் வீட்டுக்குப் பதினெட்டு வயதுதான், அதற்குள் கூரை ஒழுகுகிறது. இவை சில நூறு வருஷங்களாகக் குனிந்தபடி நிற்கின்றன. எலென் பேசியபடியே பின்பக்கமாக நடந்தார். கல்லில் இடறாமல், திரும்பிப் பார்க்காமல். அந்தத் தெருக்கள் காலுக்குத் தெரிந்தவர்தான் அப்படி நடக்கமுடியும்.

அடுத்தது கொள்ளைநோய்க் காலத்து இடுகாடு. இப்போது மரங்கள் நிற்கும் அமைதியான முற்றம். சுற்றியுள்ள கட்டடத்தின் மரச்சட்டங்களில் மண்டையோடும் எலும்பும் மண்வெட்டியும் செதுக்கியிருந்தார்கள். ஒரு மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் காய்ந்துபோன பூனை ஒன்று. ஜேர்மன் பிள்ளைகள் சண்டையை மறந்து அதைப் பார்த்தார்கள். நோய் வந்த காலத்தில் ஆட்களின் பெயரை எழுத நேரம் இருக்கவில்லை என்றார் எலென். யாரை யாருக்குப் பக்கத்தில் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு நேரம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, அறிவித்தலில் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன்.

மழை விட்டது. தெருவுக்குக் குறுக்கே ஒரு வளைவு, வளைவின் நெற்றியில் பொன் பூசிய பெரிய மணிக்கூடு. அதற்கு ஒரேயொரு முள். மணியை மட்டும் காட்டும், நிமிஷம் காட்டாது.

"என்னோடு வாழ்ந்தவர் சமையல்காரர்" என்றார் எலென். "மனிசருக்கு ஒரு முள் போதும் என்பார். நிமிஷ முள்ளைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் ஒரு முதலாளியாகத்தான் இருப்பான் என்பார்."

எல்லோரும் சிரித்தார்கள். யோகனேதான் அது. பள்ளிக்கூடத்துக்கு மணி அடித்த பிறகு சாவகாசமாகச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்பவன் அவன். என் தம்பியின் பகிடியை அவுஸ்திரேலியாக்காரரோடு சேர்ந்து, காசு கட்டிக் கேட்கவேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன். போனைத் தூக்கி மணிக்கூட்டைப் படம் எடுப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். அவுஸ்திரேலியப் பெண், அவர் இன்னும் சமைக்கிறாரா என்று கேட்டார். எலென் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

நடை பழைய சந்தைச் சதுக்கத்தில் முடிந்தது. பிரான்சுக்காகப் படை நடத்திய பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பகைவர்கள் உயிரோடு எரித்த இடம் அது. ஒரு எலும்பைக்கூட யாரும் எடுத்து வைத்துக் கும்பிடக்கூடாது என்று சாம்பலைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டினார்கள் என்று சொன்னார் எலென். தினமும் இரண்டு தரம் சொல்லுகிற கதைதான், குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்தில் மீனும் பாற்கட்டியும் விற்கிற சந்தை இரைந்துகொண்டிருந்தது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கைதட்டிவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். ஓடிவிடலாம் என்று நினைத்தேன், கால் வரவில்லை. எலென் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்தார்.

"நீங்கள் யோகனின் அக்கா."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறீர்கள் என்றார். இந்த ஊரில் அப்படி ஒருவர்தான் நடந்தார் என்றார். முதலில் எண்ணும்போதே தெரிந்துவிட்டதாம். ஒன்றரை மணித்தியாலமும் தெரிந்துகொண்டேதான் நகரத்தைக் காட்டியிருக்கிறார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனார். எனக்கு இறைச்சி சேராத லீக்ஸ் சூப் ஒன்றும் அப்பிள் பணியாரம் ஒன்றும் சொன்னார். மாடு சாப்பிடுவீர்களோ தெரியவில்லை, அவர் கடைசிவரை சாப்பிடவில்லை என்றார். யோகன் வெண்ணெயில் பொரித்த அப்பிளை அடுப்படியில் நின்றபடியே சட்டியோடு தின்பானாம். அதைக் கேட்டு வைத்துக்கொண்டேன். அடுத்த திவசத்துக்குப் படைக்க எங்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டது.

பிறகு கைப்பையைத் திறந்தார். அறிவித்தல் வந்தது. செத்தவீட்டில் வசந்தி கொடுத்த அச்சுப் பிரதி, நான்காக மடித்து, மடிப்புகள் கிழிந்து, பின்னால் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. மேசையில் விரித்து நீவினார். நான் சிறீயின் பெயரை வாய்க்குள் தயார் செய்தேன்.

அவர் எழுத்துப் பக்கம் போகவேயில்லை. விரலைப் படத்தில் வைத்தார்.

"இந்தக் கோட்டு எங்கே இருக்கிறது?"

எனக்கு விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் யோகன் ஒருநாளும் கோட்டுப் போட்டதில்லை. எலெனின் அம்மாவின் செத்தவீட்டுக்கு ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொன்னபோதும், எனக்கு அது சரிவராது, வாழ்க்கையில் போட்டதேயில்லை என்று சொன்னானாம். அவன் போன பிறகு இந்தப் படத்தைப் பார்த்தார். அலுமாரியைத் தேடினார். நிலவறையில் தேடினார். உணவகத்தில் அவன் உடுப்பு வைக்கும் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். கோட்டு இல்லை.

"படத்தில் அவருக்கு நாற்பது வயது இருக்கும். அப்போது என்னோடுதான் இருந்தார். அப்படியானால் வேறொரு வீடு இருந்திருக்கிறது என்று விளங்கியது. அங்கே ஒரு பெண் இந்தக் கோட்டைத் தூசி தட்டி வைத்திருக்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிறு தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் தனியே போவார். சாம்பல் தராத தங்கையிடம் போய் இதைக் கேட்க மனம் வரவில்லை. இப்போது அந்த ஞாயிறுகளில் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது."

அழவில்லை. நகரத்தின் கதையைச் சொன்ன அதே குரலில் சொன்னார். கரண்டியைக் கீழே வைத்தேன். என் பெயர் ஏன் இல்லை என்று கேட்பார் என்றுதானே வந்தேன். அந்தப் பெண் அதைப் பெரிதாக நினைக்கவேயில்லை. ஒரு வருஷமாக அவருக்கு வேறு வேதனை. அதை நான் தைத்து அனுப்பியிருக்கிறேன்.

"அது உங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணத்துக்குப் போட்டதா?" என்று அவரே கேட்டார். ஓம் என்று சொன்னால் போதும். அவர் நம்பத்தான் விரும்பினார், முகத்திலே தெரிந்தது. நானும் ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அந்த ஓம் இன்னொரு கோட்டு. அதையும் இவர் எத்தனை வருஷம் தேடுவாரோ என்ற பயம் வந்தது.

போனை எடுத்தேன். வசந்தி அனுப்பிய படத்தைத் தேடிப் பிடித்து அவர் முன்னால் வைத்தேன். வெட்டாத படம். அவர் அதை அதுவரை பார்த்ததில்லை.

"கோட்டு இல்லை" என்றேன். "அது கணினியில் கீறிப் போட்டது. தலைக்கு மை பூசினதும் நாங்கள்தான். தோளில் உங்கள் கை இருந்தது. அதை மறைக்கத்தான் கோட்டுப் போடச் சொன்னேன். நான்தான் சொன்னேன், வேறு ஒருவரும் இல்லை."

எங்கள் ஊரில் செத்த ஆண்கள் எல்லோருக்கும் அதே கோட்டுத்தான் என்று, போனில் இன்னும் நான்கு அறிவித்தல்களைத் திறந்து காட்டினேன். நான்கு பேர், ஒரே கோட்டு, ஒரே ரை. முதல் ஞாயிறுகளில் அவன் வசந்தி வீட்டில்தான் இருந்தான், அங்கிருந்து எனக்கு வீடியோ கோல் எடுப்பான், ஒரு மாதமும் தவறியதில்லை என்று சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

எலென் அந்த நான்கு பேரையும் பார்த்தார். பிறகு யோகனைப் பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கித் தன் கையைப் பார்த்தார்.

"அப்படியென்றால் அவரிடம் கோட்டு இருக்கவில்லை."

அதையே பிரெஞ்சில் தனக்குள் இரண்டு மூன்று தரம் சொன்னார். பிறகுதான் அழுதார். சத்தம் வெளியே வராமல், இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு. சூப் கொண்டுவந்த பெண் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் எழும்பி அவர் பக்கத்தில் போய் இருந்தேன். தொட எனக்கு என்ன உரிமை என்று தெரியாமல் சும்மா இருந்தேன்.

"இந்தச் சட்டை நான் பின்னியது" என்றார், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைக் காட்டி. "கோடையில் அவருடைய எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். கோபத்தில். சட்டை, சப்பாத்து, கத்திகள்கூட. அவர் தலைமாட்டில் வைத்திருந்த ரேடியோவை நானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். வீட்டில் இப்போது அவருடையது ஒன்றும் இல்லை."

சாம்பலை நாங்கள் கொண்டுபோனோம். மிச்சத்தை அவரே கொடுக்கும்படி செய்தோம். ஒரு பிடி சாம்பலும் ஒரு பழைய சட்டையும் இல்லாமல் ஒரு மனுசி ஒரு வருஷம் அந்த மனிதனையே சந்தேகித்துக்கொண்டு இருந்திருக்கிறார். யாருக்காக? இன்று எங்களோடு பேச்சுவார்த்தையும் இல்லாத ஒரு விட்பிக் குடும்பத்துக்காக. என்னை மன்னியுங்கள் என்றேன். எலென் அதற்குப் பதில் சொல்லவில்லை. அது சரிதான் என்று எனக்குப் பட்டது.

இரண்டு மணிக்கு அவருக்கு அடுத்த நடை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மழைச்சட்டையைப் போட்டார். படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார், அங்கேயே அனுப்பினேன். கிழிந்த அறிவித்தலை என்ன செய்வது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "இது உங்களுடையது" என்றார். அதைத்தான் என் ரூவான் பயணத்தின் ஞாபகப்பொருளாகக் கொண்டுவந்தேன்.

ஸ்ரேசனுக்குப் போகும் வழியில் தேவாலயத்தைத் தாண்டினேன். எலென் புதுக் கூட்டத்தைக் குடையால் எண்ணிக்கொண்டு நின்றார். நடுவில் எண்ணிக்கை தவறியிருக்கவேண்டும், திரும்ப முதலில் இருந்து தொடங்கினார். நான் கையைப் பின்னால் கட்டாமல் நடக்கப் பார்த்தேன். பத்தடி போவதற்குள் கைகள் தாமாகப் பின்னால் போய்விட்டன.

திதி முந்தி வந்ததே தவிர, அவன் போன திகதிக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. அந்த நாளில்தான் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போடுவது எங்கள் வழக்கம். பிக்கரிங்குக்கு வந்து சேர்ந்த அடுத்த நாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வர சிறீ கூப்பிட்டார். நான் அனுப்பிய படம் கிடைத்ததாம்.

"அக்கா, தோளிலை ஒரு கை நிக்குது. பின்னுக்கு ஒரு வெள்ளைக்காரியும் நிக்கிறா. போன முறை மாதிரி வெட்டிப்போட்டுக் கோட்டைப் போட்டு விடவோ?"

"வேண்டாம். அப்பிடியே விடுங்கோ. தலைக்கும் ஒண்டும் பூச வேண்டாம்."

"பாக்கிற சனம் அது ஆரெண்டு கேக்குமே?"

"அவன்ரை மனுசி."

விசைப்பலகையின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, கீழே போட வேண்டும், பெயர் என்ன என்று கேட்டார்.

"எலென்" என்றேன். அந்தப் பெயரை நான் போனில் சொன்னது அதுதான் முதல் தடவை.